எம்.ஆர். ராதாவின் துப்பாக்கி: லைசென்ஸ் காலாவதியானால் என்ன ஆகும்?

1907-ல் சென்னையில் பிறந்து, நாடக மேடையில் வளர்ந்தவர் நடிகவேள் எம்.ஆர். ராதா. 1954-ல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ அவருக்குப் பெரும்புகழ் தந்தது.

1967 ஜனவரி 12 அன்று, தயாரிப்பாளர் ஒருவரோடு எம்.ஜி.ஆரைப் பார்க்க போரூர் பக்கமுள்ள ராமாவரம் தோட்டத்துக்குப் போனார். எம்.ஜி.ஆரின் காதருகே குண்டு பாய்ந்தது, ராதாவும் குண்டடிபட்டார். இருவருமே பிழைத்தார்கள். எப்படி? பழைய தோட்டாக்கள் மேஜை டிராயரில் வருஷக்கணக்கில் உருண்டு வீரியம் இழந்திருந்தன என்று ஒரு விளக்கம் உண்டு. தோட்டாவை அப்படிப் போட்டுவைப்பது ஆபத்துதான். அன்றைக்கு அதுவே உயிரைக் காத்தது, அவ்வளவுதான்!

ராதா லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அதனால் கொலை முயற்சி வழக்கோடு ஆயுதச் சட்டமும் சேர்ந்துகொண்டது. 7 ஆண்டு தண்டனையைப் பின்னர் உச்ச நீதிமன்றம் குறைத்தது. (2019 திருத்தப்படி லைசென்ஸ் 5 வருஷம் செல்லும், பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிதான்.)

வெளியே வந்தவர் மறுபடி நடித்தார். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் காலமானார்.