செம்பில் எழுந்த விருந்து

நெதர்லாந்தின் லெய்டன் நகரில், மாவு ஆலை நடத்தியவரின் மகனாக 1606ஆம் ஆண்டு பிறந்தவர் ரெம்பிரான்ட். ஏறத்தாழ 1631இல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறி, உருவப்படங்கள் தீட்டிப் பெரும்புகழும் செல்வமும் ஈட்டினார். ஒளியும் நிழலும் மோத, உடலசைவுகளால் உணர்ச்சியைப் பெருக்கிக் காட்டுவது அன்றைய பரோக் கலையின் இயல்பு. இளமையில் அவ்வழி நின்ற அவரது கலை, முதுமையில் அமைதியை நாடியது.

செப்புத்தகட்டில் படம் பதிப்பதிலும் அவர் வல்லவர். மெழுகுப் பூச்சிட்ட தகட்டில் ஊசியால் கோடு கீறி அமிலத்தில் இட்டால், கீறிய இடம் மட்டும் அரிக்கப்படும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தப் படம் பதியும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பியின் கையில் உளி இயங்குவதுபோல் அவர் கையில் ஊசி இயங்கியது. இவ்வாறு ஏறத்தாழ 300 படங்களைப் படைத்தார்.

மனைவி சாஸ்கியா 1642இல் மறைந்தார். 1656இல் கடன்சுமையால் ரெம்பிரான்ட் நொடித்துப்போனார். அரிதிற் சேர்த்த கலைப்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. ஆம்ஸ்டர்டாமை வந்தடைந்த முகலாயச் சிற்றோவியங்கள் இக்காலத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பார்த்து வரைந்தார். ஒன்றில், முதியோர் நால்வர் மரத்தடியில் தரையில் அமர்ந்துள்ளனர்.

அவ்வமைப்பே 1656இல் அவர் பதித்த விவிலியக் காட்சிக்கு அடிப்படையாயிற்று. வழிப்போக்கராய் வந்த விண்ணவர் மூவருக்கு ஆபிரகாம் விருந்தளிக்கிறார். முதுமையுற்ற அவருக்கும் மனைவி சாராவுக்கும் மகன் பிறப்பான் என அவர்கள் உரைக்கின்றனர். மேசையோ நாற்காலியோ இன்றி விருந்தினர் தரையில் அமர்ந்துள்ளனர். விருந்தளிப்பவரோ அவர்களினும் தாழ்ந்து, படத்தின் ஓரத்தில் குடுவையுடன் பணிந்திருக்கிறார். கதவின் இருளில் நின்று செவிமடுக்கிறார் சாரா. மூத்த மகன் இஸ்மயேல் அனைவருக்கும் முதுகு காட்டி வில் வளைத்து விளையாடுகிறான். பிறக்கவிருக்கும் தம்பியை முன்னிட்டுத் தான் அவ்வீட்டைவிட்டு அனுப்பப்படுவோம் என்பதை அச்சிறுவன் அறியான்.

பெற்றோரின் மகிழ்ச்சிக்குள் ஒரு மகனின் பிரிவு மறைந்திருப்பதைக் கண்ணீரோ கூக்குரலோ காட்டவில்லை. திரும்பிய முதுகு ஒன்றே காட்டிவிடுகிறது. உருவங்களை எங்கே, எத்திசை நோக்கி நிறுத்துவது என்பதிலேயே உணர்ச்சி பிறக்கிறது.

1669இல் ரெம்பிரான்ட் மறைந்தார். கடன்சுமையால் நொடித்துப்போன ஆண்டில் அவர் கீறிய அச்சிறு படம், கையளவே ஆயினும், இந்திய ஓவியரின் கைவண்ணத்தை ஐரோப்பியக் கலையில் இன்றும் தாங்கி நிற்கிறது.