ஃபுல் ஸ்டாப்புக்கு அப்புறம் எத்தனை ஸ்பேஸ்? பென்குயின் புத்தகங்களை மாற்றிய யான் சிஹோல்டின் கதை

மொபைலில் ஸ்பேஸ் பாரை ரெண்டு தடவை தட்டினால் ஒரு முற்றுப்புள்ளியும் ஒரே ஒரு ஸ்பேஸும் விழும். ஆனால், இங்கிலீஷ் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போன அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முற்றுப்புள்ளிக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ் என்பார்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டு அதைத் தப்பு என்று காட்ட ஆரம்பித்ததே 2020-ல்தான்.

அச்சகங்களில் இந்தப் பஞ்சாயத்து இன்னும் பழசு. அதில் முக்கியமான ஆள் யான் சிஹோல்ட்.

1902-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். அப்பா, பெயர்ப் பலகை எழுதுபவர். 1923-ல் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் கண்காட்சியைப் பார்த்ததும் ஆளே மாறிப்போனார். பழைய அலங்காரமெல்லாம் வேண்டாம், கொக்கி இல்லாத நேரான எழுத்துதான் இந்தக் காலத்துக்குச் சரி என்று 1928-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கைது. வீட்டில் சோவியத் போஸ்டர்கள் சிக்கியிருந்தன. சில வாரச் சிறைவாசத்துக்குப் பிறகு குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்.

அங்கே அவருக்கு ஓர் உறுத்தல் வந்தது. எல்லோரும் இப்படித்தான் அச்சடிக்கணும் என்று தான் போட்ட சட்டத்துக்கும், நாஜிகளின் கட்டளை மனோபாவத்துக்கும் ஒற்றுமை தெரிந்தது. தன் பழைய கொள்கையைத் தானே விமர்சித்தார். பழைய பாணிக்கே திரும்பினார். பழைய சகாக்கள் துரோகம் என்று திட்டினார்கள்.

1947-ல் இங்கிலாந்தின் பென்குயின் பதிப்பகத்தில் சேர்ந்தார். அவர்களின் புத்தகங்கள் பல அச்சகங்களில் தயாராகும். ஒவ்வொன்றிலும் ஒரு பழக்கம். வாக்கியம் முடிந்தால் எம் குவாட் வைப்பது அதில் ஒன்று. எழுத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு அகலமுள்ள ஈயத் துண்டு அது. பக்கம் முழுக்க வெள்ளை ஓட்டைகள் விழும். அடுத்தடுத்த வரிகளில் அவை ஒன்றின் கீழ் ஒன்று வந்தால், நடுவில் வாய்க்கால் வெட்டியது மாதிரி இருக்கும்.

சிஹோல்ட் நாலு பக்கத்துக்கு விதிகள் எழுதினார். வார்த்தைகளுக்கு நடுவே 'ஐ' என்ற சின்ன இங்கிலீஷ் எழுத்தின் அகலம் போதும். முற்றுப்புள்ளிக்கு அப்புறமும், அந்த வரியில் மற்ற இடங்களில் விட்ட அதே இடைவெளிதான். (கட்டளையே கூடாது என்றவர், இங்கே கறாரான வாத்தியார் ஆகிவிட்டார்!) தலைப்பு எழுத்துகளின் இடைவெளியைச் சரிபண்ணச் சொல்லி அச்சகங்களுக்கு எழுதி எழுதி அலுத்துப்போய், அதற்கு ரப்பர் ஸ்டாம்பே செய்துவைத்தார்.

ஒற்றை ஸ்பேஸை அவர் கண்டுபிடிக்கவில்லை; ஏற்கெனவே சில இடங்களில் இருந்ததுதான். ஆனால், சாதாரண ஜனங்கள் வாங்கும் மலிவு விலைப் புத்தகத்துக்குள் அதைக் கறாராகக் கொண்டுவந்தார். 1949-ல் கிளம்புவதற்குள் 500-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் அவர் கைபட்டு வெளிவந்தன.

பிறகு சுவிட்சர்லாந்து திரும்பினார். 1967-ல் வெளியான அவருடைய சபோன் எழுத்துருவில் இன்றும் புத்தகங்கள் வருகின்றன. 1974-ல் லொகார்னோவில் இறந்தார். டைப்ரைட்டிங் கிளாஸ்களில் அப்போதும் ரெண்டு ஸ்பேஸ்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.