மக்கள் மனத்தில் அமர்ந்த மகாராணி

காசிக்குச் சென்று விஸ்வநாதரைத் தரிசிக்கும்போது, இன்றுள்ள அந்த ஆலயத்தை 1780-ல் எழுப்பிய புண்ணியவதியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் மகாராணி அகல்யாபாய் ஹோல்கர்!

1725-ல் மகாராஷ்டிரத்தின் சோண்டி கிராமத்தில் பிறந்தவர் அகல்யா. இந்தூர் சமஸ்தானத்தின் மல்ஹர்ராவ் ஹோல்கர், தன் மகன் கண்டேராவுக்கு அவரை மணமுடித்து வைத்தார். 1754-ல் கும்பேர் கோட்டை முற்றுகையில் கணவர் உயிரிழந்தார். உடன்கட்டை ஏறத் துணிந்த மருமகளைத் தடுத்து நிறுத்திய மாமனார், அவருக்கு நிர்வாகத்தையும் கற்றுத் தந்தார்.

1766-ல் மாமனார் மறைந்தார். மறு வருடமே மகன் மாலேராவும் போய்ச் சேர... அடுத்தடுத்து இடிகள்! ஒரு பெண் நாட்டை ஆள்வதா என்று திவான் முகம் சுளித்தார். அவருக்குத் துணையாகப் படையோடு கிளம்பினார், பேஷ்வாவின் சித்தப்பா ரகுநாத்ராவ். அகல்யா கலங்கவில்லை. ஹோல்கர் படையினர் அவர் பக்கமே நின்றனர். பேஷ்வா மாதவராவும் அவரது உரிமையை ஏற்றார். ரகுநாத்ராவ் பின்வாங்கினார்.

பதவி கிடைத்துவிட்டது. மரியாதை? அதை அவர் தினம் தினம் சம்பாதித்தார்!

நர்மதைக் கரையிலுள்ள மகேஷ்வரைத் தலைநகராக்கி, அங்கே எளிய ஆசனத்தில் அமர்ந்து, திரையின்றி மக்களின் குறைகளைக் கேட்டார். வாரிசில்லாத விதவையரின் சொத்தை அரசு பறிக்கவிடாமல், அவர்களிடமே விட்டுவைத்தார். நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தினார். இன்று நாம் ஆசையாக உடுத்தும் மகேஷ்வரி புடவை அப்படி வளர்ந்ததுதான்.

சோமநாதம், கயை என்று பாரதமெங்கும் அவர் செய்த திருப்பணிகள் ஏராளம். தன் ராஜ்ஜியத்துக்கு அப்பாலும் ஆலயங்கள், படித்துறைகள், தர்மசாலைகள் அமைத்தார். இதற்கெல்லாம் அரசுக் கஜானாவில் கை வைக்காமல், ‘காஸ்கி’ எனப்படும் தன் சொந்த வருமானத்திலிருந்தே செலவழித்தார். அடுத்தவர் பணத்தில் புண்ணியம் தேடாத மனசு!

1795-ல் அவர் சிவபதம் அடைந்தார. கால் நூற்றாண்டு கழித்து மாளவத்துக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஜான் மால்கம், அவர் புகழை முதலில் சந்தேகித்தார். விசாரிக்க விசாரிக்க, மக்கள் அவரைத் தெய்வமாகவே போற்றுவதைக் கண்டு வியந்தார்.

அதிகாரம் இருக்கும்வரை எல்லோரும் வணங்குவார்கள். போன பிறகும் வணங்கினால், அதுவே உண்மையான மரியாதை. நாடானாலும் வீடானாலும், அதைச் சம்பாதிக்கும் வழி ஒன்றுதான்... நம்மை நம்பியவர்களுக்கு நேர்மையாக இருப்பது!