வெயிலைக் கணக்கிட்ட மேதை

மைசூர் மண்டி மொஹல்லாவில் புதுக் கடை கட்டுவோர், எத்தனை டன் ஏ.சி. தேவை என்று விசாரிப்பது வழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டியவற்றை உலகுக்குக் கற்பித்தவர், மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். அவர்தான் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர்.

பறிபோன வேலை

1908ல் பெர்லினில் பிறந்தார். யூதர் என்பதால், 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அரசு வேலையை இழந்தார். எகிப்து சென்று பழங்காலக் கட்டடங்களை ஆராய்ந்தார்.

1939ல் திவான் சர் மிர்சா இஸ்மாயில் காலத்தில் மைசூர் வந்து, சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். பெங்களூர் டாடா இன்ஸ்டிடியூட்டின் உணவுக்கூடம், உலோகவியல், விமானவியல் கட்டடங்கள் அவர் வரைந்தவையே. புவனேஸ்வருக்கும் நகரத் திட்டம் தீட்டினார். 1948 முதல் 1951 வரை மத்திய அரசின் வீட்டு வசதி இயக்குநராக இருந்தார்.

முதலில் கணக்கு

பின்பு லண்டனில் வெப்பநாட்டுக் கட்டடக் கலையைக் கற்பித்தார். மஹோனி முதலியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அட்டவணைகளை 1971ல் ஐ.நா. சபை வெளியிட்டது. மாதவாரியாக வெப்பம், ஈரப்பதம், மழை, காற்று ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். கட்டடம் எத்திசை நோக்க வேண்டும், ஜன்னல் எத்தனை பெரிது, சுவரும் கூரையும் எப்படி என்பதெல்லாம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

நீளச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்த்தால் மாலை வெயில் உள்ளே ஏறாது. எதிரெதிர் ஜன்னல் வைத்தால் காற்று ஓடும். வரைபடத்தில் இதைக் கவனிக்கச் செலவில்லை. சுவர் எழுந்தபின் தவறு தெரிந்தால், மாதாமாதம் கரண்ட் பில்லில் கட்ட வேண்டியதுதான்.

1999ல் லண்டனில் அவர் காலமானார். அவருடைய அட்டவணைகளைக் கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் பயில்கிறார்கள்.