பிரான்சிசு டே

பிரான்சிசு டே (மார்ச் 2, 1829 – சூலை 10, 1889) என்பவர் இந்திய மீன்களை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவரும் மீனியலாளரும் ஆவார். இந்திய மீன்கள் பற்றி இவர் எழுதிய நூல்கள் இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகின்றன. நீலகிரி ஓடைகளில் ஐரோப்பிய டிரௌட் மீனை வளர்க்க முதன்முதலில் முயன்றவரும் இவரே.

வாழ்க்கை

டே இங்கிலாந்தின் சசெக்சு பகுதியில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இலண்டன் செயின்ட் சார்ச்சு மருத்துவமனையில் பயின்று, 1852இல் மதராசு மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியா வந்தார். கொச்சியில் பணியாற்றிய காலத்தில் அப்பகுதி மீன்களைத் திரட்டி, 1865இல் மலபார் மீன்கள் பற்றிய நூலை வெளியிட்டார். நீலகிரி மலைகளிலும் அவற்றின் அடிவார ஆறுகளிலும் வாழும் மீன்கள் பற்றிய இவரது கட்டுரை 1867இல் வெளிவந்தது.

நீலகிரியில் டிரௌட் முயற்சி

நீலகிரி மேட்டுநில ஓடைகளில் நாட்டு மீன் இனங்கள் மிகக் குறைவு. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளதால் அங்கு நீர் குளிர்ந்திருக்கும். எனவே டிரௌட் அங்கு வாழக்கூடும் என டே கருதினார். 1863இல் அவர் மேற்கொண்ட முயற்சி தோல்வியுற்றது.

இதில் பெரும் இடர் பயணமே. சூயசுக் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. பழுப்பு டிரௌட்டின் முட்டைகளுக்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியசு அல்லது அதற்கும் குறைவான குளிர் தேவை. வெப்பம் ஏறினால் கரு விரைந்து வளர்ந்து மிகுதியான ஆக்சிசனைக் கேட்கும். நீரோ சூடாகும்போது குறைவான ஆக்சிசனையே கரைத்து வைத்திருக்கும். கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நீர் 0 பாகையில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. வெப்பமண்டலக் கடலைக் கடக்கும் கப்பலில் இவ்விரண்டும் ஒருங்கே நேர்கின்றன.

அடுத்த ஆண்டே, 1864இல், நோர்போக் என்னும் கப்பல் டிரௌட், சால்மன் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு இடையே வைத்து ஏறக்குறைய மூன்று மாதப் பயணத்தில் ஆத்திரேலியா சேர்த்தது. அவை தாசுமேனியாவில் பொரித்தன. ஆகவே டேயின் தோல்வியைக் கொண்டு நீலகிரி நீர் டிரௌட்டுக்கு ஒவ்வாதது என முடிவு செய்ய இயலாது. பின்னர் எச். சி. வில்சன் இப்பணியை மேற்கொண்டார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து முட்டைகள் வரவழைக்கப்பட்டு வானவில் டிரௌட் அங்கு நிலைபெற்றது. டே கருதியது சரியே என அப்போது தெளிவாயிற்று. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மலைநீரிலும் ஆக்சிசன் கரைவது சற்றுக் குறையும். குளிரும், பாறைகளில் மோதி ஓடும் வேகமும் அதனை ஈடுசெய்கின்றன. உதகை ஏரி போன்ற தேங்கிய நீரின் நிலை வேறு. ஆக்சிசன் குறைவைத் தாங்கவல்ல டென்ச், குருசியன் கெண்டை ஆகிய மீன்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கு விடப்பட்டன.

டெனிசன் கெண்டை

1865இல் டே விவரித்த மீன்களுள் ஒன்று, அன்றைய மதராசு ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரைத் தாங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் தூய ஓடைகளில் வாழும் இம்மீன் இன்று மிசு கேரளா என்னும் பெயரில் உலகெங்கும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. மீன்கள் செவுள் வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றன. ஓடையில் அது அடித்துச் செல்லப்படும். வடிகட்டி இல்லாத தொட்டியில் தேங்கிச் செவுள்களைத் தாக்கும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடும்போது அதன் நச்சுத்தன்மையும் கூடும். அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் இவ்வினம் தற்போது அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

பிற்காலம்

டே இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளராக விளங்கினார். நன்னீர் மீன்வளம் பற்றிய அவரது அறிக்கை 1873இல் வெளிவந்தது. சிறுகண் வலைகளும் பொறிகளும் குஞ்சுகளை அழிப்பதை அதில் கண்டித்தார். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் இயற்றப்பட்டது. இந்திய மீன்கள் குறித்த இவரது பெருநூல் 1875 முதல் 1878 வரை பகுதிகளாக வெளிவந்தது.

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தருக்கும் இவருக்கும் இருந்த பகைமை அறிவியலுலகில் பலரும் அறிந்ததே. 1883இல் இவரது சேகரிப்பின் பெரும்பகுதி இலண்டனுக்குச் செல்லாமல் சிட்னியிலுள்ள ஆத்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. பிரித்தானிய இந்திய விலங்குகள் வரிசையில் மீன்கள் பற்றிய இரு தொகுதிகள் 1889இல் வெளிவந்தன. அவ்வாண்டே டே செல்டனாமில் காலமானார்.