ஆண்டர்சனும் அவர் துப்பாக்கிக் குழலும்

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளி எல்லையையும் கடந்து தெற்கே செல்வோமாயின் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று காடு விரிந்துகொண்டே போகும். ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் இப்பெயர்களைப் பலகைகளிற் படித்துவிட்டு, வேறு பேருந்தில் ஏறிப் போய்விடுகிறோம். இக்காடுகளை ஆங்கில நூல்களின் வாயிலாக உலகறியச் செய்தவர் கென்னத் ஆண்டர்சன்.

ஸ்காட்லாந்துக் குடிவழியில் வந்த ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் பயின்றார். அஞ்சல் தந்தித் துறையிலும், பின்னர் இந்நகரத்து விமானத் தொழிற்சாலையிலும் பணி புரிந்தார். அலுவலக வாழ்வைப் பற்றிச் சொல்ல இவ்வளவே உண்டு. மற்ற வாழ்வெல்லாம் காட்டில் கழிந்தது. அங்கே அவருக்குத் துணை பைரா என்னும் பூசாரியும், 0.405 வின்செஸ்டர் ரைபிளும்.

அந்த 0.405 என்பது குழலின் அளவை அங்குலத்தில் குறிப்பது. அந்நாளைய அரசு இவ்வளவைக் கண்ணுங்கருத்துமாகக் கவனித்தது. 1857-இன் அச்சம் ஆள்வோர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்சு கேட்டது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. படையினரின் தோட்டா பொருந்தும் குழல் பொதுமக்களிடம் இருத்தலாகாது என்பது அடுத்த கவலை. 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் 0.450 அளவுள்ள ரைபிள்கள் தடுக்கப்பட்டன. பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிக்கு அதன் குண்டு பயன்பட்டுவிடும் என்று அஞ்சினர். உடனே ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலார் 0.465, 0.470 என்று குழல்களை மாற்றிக் கடைந்தனர். யானை வேட்டைக்குப் போன துரைமார் கையிலிருந்த புதிய அளவுகள் பல இப்படிப் பிறந்தவையே! ஆண்டர்சனின் 0.405 எந்தப் படைக்கும் உரியதன்று. ஆதலால் அதற்குத் தொல்லை நேரவில்லை. அவருக்கு வழி காட்டிய காட்டு மக்களோ, லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒளித்து வைத்து வாழ்ந்தார்கள். ஒரே காட்டில் இரண்டு நீதி என்று இதைச் சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஆயினும் ஆண்டர்சனிடம் ஊரார் வந்து முறையிட்டதற்குக் காரணம் இருந்தது. கும்மளாபுரத்துச் சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். மாலையானதும் கதவடைத்துக் கிடந்த ஊர் அது. ஆட்கொல்லி இருட்டில் வரும். இருட்டிலே குழலின் முனைகூடச் சுடுபவன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மின்கல விளக்கு ஒன்றைத் துப்பாக்கியோடு பிணைத்து, இரவெல்லாம் அசையாமல் காத்திருப்பார். விலங்கின் அரவம் கேட்டதும் விளக்கை அழுத்துவார்; ஒளி விழுந்த இடத்தில் குண்டும் பாயும்.

விடுதலை பெற்றபின் நம் நாடே இயற்றிய ஆயுதச் சட்டம் 1959-ஐச் சேர்ந்தது. நடைமுறைக்கு வந்தது 1962 அக்டோபர் முதல் நாள். அதன் 6-ஆம் பிரிவு, லைசென்சு இன்றிக் குழலைக் குறுக்கலாகாது என்கிறது. குறுகிய துப்பாக்கி போர்வைக்குள் மறையும். சந்தைக் கூட்டத்துக்குள்ளும் நுழையும். 2-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. வெடியோசையையோ தீச்சுடரையோ குறைக்கக் குழல்முனையில் பொருத்தும் துணைக் கருவியும் துப்பாக்கியாகவே எண்ணப்படும்! வெறும் தகரக் குடுவை போலிருப்பினும் அதற்கும் லைசென்சு வேண்டும்.

பௌதிகம் பயிலும் நண்பர்கள் இதன் பொருளை எளிதில் உணர்வர். குண்டு வெளியேறும் கணத்தில், அடைபட்டிருந்த வெம்மையான வாயு முனையில் திடீரென விரிகிறது, அதுவே வெடியோசை. அமெரிக்காவின் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற கருவி, அவ்வாயுவைச் சிற்றறைகளில் சுழலவிட்டு மெல்ல வெளியேற்றியது. ஆண்டர்சனின் குண்டுக்கு நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகம். அஃதாவது ஒலியைப்போல் இரு மடங்கு. காற்றைக் கிழிக்கும் அதன் ஓசையை எக்கருவியும் அடக்காது. சினிமாவில் கேட்கும் மெல்லிய ஒலி ரைபிளுக்குப் பொருந்தாக் கற்பனை.

1907-இன் விதி ஆள்வோரைக் காத்தது. 1959-இன் விதி அண்டை வீட்டானைக் காக்கிறது. 2019-இல் வந்த திருத்தம், லைசென்சின்றிக் குழலைக் குறுக்குவோருக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று தண்டனையைக் கடுமையாக்கியது. கடுமைதான், ஆனால் மறைத்துக் கொல்ல எண்ணுபவனுக்கன்றிக் குறுங்குழலால் யாருக்குப் பயன்?

ஆண்டர்சன் பிற்கால நூல்களில் காடு அழிவதைக் கண்டு வருந்தினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளக்கொளியில் வேட்டையாடுவதை அது தடுத்தது. இரையருகே வரும் ஊனுண்ணிகளுக்குத் தனி அனுமதியோடு மட்டும் விலக்குத் தந்தது. அவர் துப்பாக்கியில் ஏற்றிய விளக்கையும் சட்டம் இறுதியில் தொட்டுவிட்டது. 1974 ஆகஸ்டில் அவர் காலமானார். வேட்டைக்கு லைசென்சு தரும் வழக்கமே 1991-இன் திருத்தத்தோடு முடிந்தது.