சாவித்திரிபாய் பூலே அம்மையார்

பெண் எழுத்தறிந்தால் குடும்பம் கெடும் என்று ஊரார் நம்பியிருந்த காலத்தில், பதினேழு வயதுப் பெண்ணொருவர் பூனா நகரில் ஆசிரியையாய் அமர்ந்து பாடம் சொல்லத் தொடங்கினார். அவரே சாவித்திரிபாய் பூலே அம்மையார். புத்தர், கபீர், ஜோதிராவ் பூலே ஆகிய மூவரையும் பாபாசாகேப் அம்பேத்கர் தம் குருமார்களாகக் கொண்டார் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆயினும், ஜோதிராவைப் போற்றும் நாம் அவருடைய மனைவியாரைக் கணவருக்குத் துணைநின்றவர் என்ற அளவிலேயே எண்ணி அமைந்துவிடுகிறோம். அது முறையன்று. அம்மையார் தாமே ஒரு தலைவர். அத்தலைமை எத்தகையது என்பதை ஈண்டு சிறிது காண்போம்.

அம்மையார் 1831-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள், சதாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே, தாயார் இலட்சுமிபாய். 1840-இல் அவருக்கு மணம் நிகழ்ந்தபோது மணமகளுக்கு வயது ஒன்பது. மணமகன் ஜோதிராவுக்குப் பதின்மூன்று. புகுந்த வீட்டுக்கு வந்த நாளில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கணவரே முதலாசிரியரானார். பின்னர் அகமத்நகரிலும் பூனாவிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

1848-இல் பூனாவில் பிடே என்பாரின் மாளிகையில் பெண்களுக்கான பள்ளி திறக்கப்பட்டது. அம்மையார் அதில் ஆசிரியை ஆனார். ஊர் சும்மா இருக்கவில்லை. அவர் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசினர், கற்களையும் எறிந்தனர். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டு சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு அவர் பாடம் நடத்தினார் என்பர். சாதியாரின் நெருக்குதலுக்கு மாமனார் பணிந்தமையால், 1849-இல் கணவனும் மனைவியும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பள்ளிகளோ மூடப்படவில்லை, பெருகின. பாத்திமா என்னும் முஸ்லிம் பெண்மணி அம்மையாருடன் பணியில் தோள் கொடுத்தார். 1852 நவம்பர் 16-இல் அரசாங்கம் பூலே தம்பதியரின் கல்விப்பணியைப் பாராட்டிச் சிறப்புச் செய்தது.

ஆனால் அம்மையாரின் தலைமையை அளக்க அந்தப் பாராட்டைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்று உண்டு. பூலே தம்பதியரின் பள்ளியில் முக்தா என்றொரு சிறுமி பயின்றாள். தீண்டாதாருள்ளும் தாழ்த்தப்பட்டிருந்த மாங் வகுப்பினள். மூன்றாண்டுகள் கற்றபின், பதினான்கு வயதளவில் மாங், மஹார் மக்களின் துன்பங்களைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தாள். அது 1855-இல் ஞானோதயம் என்னும் மராத்தி இதழில் வெளியாயிற்று. வேதத்தைப் படிக்கவும் உரிமையற்ற மக்களுக்கு வேத மதம் எவ்வாறு சொந்தமாகும் என்று அச்சிறுமி வினவினாள். தலைக்குமேல் கூரையுமின்றிப் பிள்ளை பெறும் தம் இனத்துப் பெண்களின் அவலத்தை எடுத்துரைத்தாள். கற்பித்தவர் தம் சொல்லை மாணவியின் வாயில் வைக்கவில்லை. மாணவிக்கே சொல்லைத் தந்தார். பின்னே வருவோரைப் பேசவைப்பவரே மெய்யான தலைவர் என்று நாம் கருதுகிறோம்.

அம்மையாரின் பணி பள்ளியோடு முடியவில்லை. கைம்பெண்கள் பழிக்கஞ்சிச் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1863-இல் பூலே தம்பதியர் தம் இல்லத்திலேயே ஒரு புகலிடம் அமைத்தனர். அவ்வாறு புகலடைந்த பிராமணக் கைம்பெண் ஒருவரின் மகனை 1874-இல் தத்தெடுத்து, யஷ்வந்த் எனப் பெயரிட்டு வளர்த்தனர். 1868-இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாதாருக்குத் திறந்துவிட்டனர். 1873-இல் ஜோதிராவ் நிறுவிய சத்திய சோதக சமாஜத்தில் அம்மையாரும் முன்னின்று உழைத்தார். 1890-இல் கணவர் மறைந்தபோது, பெண்கள் செய்தல் ஆகாதென்ற வழக்கத்தை மீறி, தாமே மண்கலம் ஏந்தி இறுதி ஊர்வலத்தின் முன்னே நடந்தார். 1893-இல் சாஸ்வடில் கூடிய சமாஜ மாநாட்டுக்கு அவரே தலைமை வகித்தார்.

1897-இல் பூனாவைப் பிளேக் நோய் பற்றியது. மருத்துவராகியிருந்த யஷ்வந்த், நகருக்கு வெளியே நோயாளருக்குச் சிகிச்சைச் சாலை ஒன்றை நடத்தினார். முண்ட்வாவில் நோயுற்றுக் கிடந்த மஹார் சிறுவன் ஒருவனை அறுபத்தாறு வயது மூதாட்டியாகிய அம்மையார் தம் முதுகில் சுமந்து அங்கே கொண்டு சேர்த்தார். அந்நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். அப்பொழுது பாபாசாகேபுக்கு வயது ஆறும் நிரம்பவில்லை.

அன்பர்களே! நம் பெண்மக்கள் இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர், அதில் மகிழ்ச்சியே. ஆயினும் நம் கூட்டங்களில் அவர்கள் விளக்கேற்றுவதோடும் பாடுவதோடும் நின்றுவிடுகிறார்களா, அல்லது அவர்கள் கருத்தைக் கேட்டு முடிவு செய்கிறோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோம். பதினேழு வயதில் அம்மையார் பள்ளி நடத்தினார். பதினான்கு வயதில் அவர் பள்ளி மாணவி நாடறியப் பேசினாள். நம் இல்லத்துப் பெண்களுக்கு இன்னும் வயது போதாது என்று நாம் எவ்வாறு சொல்ல இயலும்?